ஒரு சிலைகூட இல்லையா?

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகர், "தொலைக்காட்சித் தொடர்களில் நீங்கள் பார்த்ததிலேயே மனதை விட்டுப் போகாத வில்லன் யார்?" என்று கேட்டிருந்தார். "டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் வரும் குல் டுகாட்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அப்படிப் போயிருக்கக் கூடாது. அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டுகாட்டைப் பற்றித்தான். சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அதனால் வழக்கமான வீடு, வேலை, படிப்புக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை முழுக்க அவனைப் பற்றியே பேசிவிடலாம். கதையின் முடிவையும் சொல்லப் போகிறேன், இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

கே: அக்கா, நான் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. யார் இந்த டுகாட்? என்னைப் போன்றவர்களுக்கும் புரிகிற மாதிரி கொஞ்சம் சொல்லுங்களேன். (வாசகி, கும்பகோணம்)

ஸ்டார் ட்ரெக் குடும்பத்துத் தொடர்களில் ஒன்று டீப் ஸ்பேஸ் நைன். 1993 ஜனவரியில் தொடங்கி 1999 ஜூனில் முடிந்தது, மொத்தம் ஏழு சீசன். அதற்கு முன் வந்த ஸ்டார் ட்ரெக் தொடர்களில் ஒரு கப்பல் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும், வாரத்துக்கு ஒரு கிரகம், வாரத்துக்கு ஒரு சிக்கல், அடுத்த வாரம் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். இதில் யாரும் எங்கேயும் போக முடியாது. ஒரு விண்வெளி நிலையம், அதற்குப் பக்கத்தில் பேஜோர் என்ற ஒரு கிரகம், அவ்வளவுதான். அந்தக் கிரகத்தைக் கார்டேசியர்கள் என்ற இனத்தார் அரை நூற்றாண்டு காலம் பிடித்து வைத்திருந்தார்கள். மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்தார்கள், மக்களை முகாம்களில் அடைத்துச் சாகும்வரை வேலை வாங்கினார்கள், கடைசியில் எதிர்ப்பியக்கத்தைச் சமாளித்து மாளாமல் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் கதையே தொடங்குகிறது. கதை நடக்கும் நிலையமும் அவர்கள் கட்டியதுதான். டெராக் நோர் என்பது அதன் பழைய பெயர். பேஜோரியர்கள் அங்கே அடிமைகளாக நின்று தாதுவை உருக்கினார்கள்.

அந்தப் பேஜோரின் கடைசிக் கார்டேசிய ஆளுநர் டுகாட். 'குல்' என்பது ராணுவப் பதவிப் பெயர். முதல் அத்தியாயத்திலேயே, நிலையத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற பெஞ்சமின் சிஸ்கோவின் அறைக்கு வருகிறான். இரண்டு வாரம் முன்பு வரை இது என் அறை, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை என்கிறான். குரலில் மிரட்டல் இல்லை. விற்றுவிட்ட வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்தவரைப் போல அவ்வளவு இங்கிதமாகப் பேசுகிறான். எனக்கு அந்த நிமிடமே அவனைப் பிடித்துப்போனது, இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நடித்தவர் மார்க் அலைமோ. கார்டேசியர்கள் முதன்முதலில் திரையில் தோன்றிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரின் 1991ஆம் ஆண்டு அத்தியாயத்தில் கார்டேசியக் கப்பலின் தலைவராக வந்தவரும் இவர்தான். அவருடைய நீண்ட கழுத்தைப் பார்த்துத்தான் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோருக்கு அந்த யோசனையே வந்தது. கழுத்திலிருந்து தோள்வரை விரிந்து இறங்கும் அந்த வரம்புகள், படமெடுத்த பாம்பு போல, ஓர் இனத்துக்கே அடையாளமாகிவிட்டன.

கே: டுகாட் பதவிக்கு வந்ததும் முகாம்களில் வேலை அளவைப் பாதியாகக் குறைத்தார். குழந்தைகளை வேலை வாங்குவதை ஒழித்தார். உணவையும் மருத்துவத்தையும் கூட்டினார். அவருக்கு முன்னால் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் நல்லவர்தானே? மொத்தமாகத் தீயவர் என்று ஒதுக்குவது நியாயமா? (சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, நீங்கள் சொன்ன எல்லாமே சரி. ஆனால் இதையெல்லாம் நமக்குச் சொன்னது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அவனேதான் சொல்கிறான். 1998 தொடக்கத்தில் ஒளிபரப்பான 'வால்ட்ஸ்' அத்தியாயம் அது. போர்க்குற்ற விசாரணைக்காக அவனைக் கொண்டுபோகும் கப்பல் நொறுங்கி, அவனும் சிஸ்கோவும் மட்டும் ஆளில்லாத ஒரு கிரகத்தில், ஒரு குகைக்குள் ஒதுங்குகிறார்கள். சிஸ்கோவுக்குக் கை உடைந்திருக்கிறது. டுகாட் சமைத்துப் போடுகிறான், காயத்தைப் பார்த்துக்கொள்கிறான், உதவி கேட்டுச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான். சமிக்ஞை போகவே இல்லை. அவனுக்குத் தேவை மீட்புக் கப்பல் இல்லை, எழுந்து போக முடியாத ஒரு மனிதர். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், அதுவரை விடமாட்டான்.

உங்கள் கேள்வியில் இருக்கும் கணக்கையெல்லாம் அங்கேதான் ஒப்பிக்கிறான். ஒரு மாதத்துக்குள் முகாம்களில் சாவு 20 சதவீதம் குறைந்தது என்றும் சொல்கிறான். இவ்வளவு செய்த எனக்குப் பேஜோரியர்கள் என்ன கைம்மாறு செய்தார்கள் தெரியுமா, நான் பதவியேற்று ஒரு மாதம் நிறைந்த அன்றைக்கே கப்பல் பழுதுபார்க்கும் தளத்தைக் குண்டு வைத்துத் தகர்த்து, இருநூறுக்கும் மேற்பட்ட கார்டேசியர்களைக் கொன்றார்கள் என்கிறான். பதிலுக்கு இவன் என்ன செய்தான்? எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட 200 பேரைப் பிடித்துக் கொன்றான். 200 உயிருக்கு 200 உயிர். இது நீதி, இதில் என் மனதில் வன்மம் ஏதும் இல்லை என்கிறான்.

நீங்கள் சட்டம் படிக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன். குறைத்த வேலை அளவு யாருடைய வேலை? கூட்டிய சோறு யாருடைய நிலத்தில் விளைந்தது? ஒருவர் வீட்டுக்குள் புகுந்து, வீட்டுக்காரரைக் கட்டிப்போட்டு, முன்பு இருந்த திருடன் இரண்டு வேளை அடித்தான், நான் ஒரு வேளைதான் அடிக்கிறேன் என்று சொன்னால், அந்த ஒரு வேளை அடி குறைந்தது உண்மைதான். கட்டிப்போடப்பட்டவருக்கு அது நிஜமான நிம்மதிதான், அதை நான் மறுக்கவில்லை. அந்த 20 சதவீதத்தில் உயிர் பிழைத்த யாரோ ஒரு பேஜோரியப் பெண்ணுக்கு அது முழு உயிர். ஆனால் அந்த அடி குறைந்ததற்காகத் தன்னைக் கும்பிட வேண்டும் என்று அவன் கேட்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவனைப் புரிந்தது.

என் முதல் வேலையில் ஒரு மேலாளர் இருந்தார். கூடுதல் நேர வேலைக்குக் காசு கிடையாது, விடுப்பு கேட்டால் முகம் மாறும். ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் ஒவ்வொருவர் மேசைக்கும் அவரே வந்து இனிப்புப் பெட்டியைக் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார், அரை நிமிடம் நின்று நம் முகத்தையே பார்ப்பார். அந்த அரை நிமிடத்தில் நம் முகத்தில் என்ன வர வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், வரவழைத்தும் விடுவோம். நான் வேலையை விட்ட அன்று, "உங்களை எல்லாம் என் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டேன், போகிறேன் என்கிறாயே" என்று கண் கலங்கினார். நடிக்கவில்லை, நிஜமாகவே கலங்கினார். அந்தக் கண்ணீர் எனக்குப் பல வருஷம் விளங்கவில்லை. டுகாட்டைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரு மனிதர் நம்மை வருத்திக்கொண்டே நம்மை நேசிப்பதாக மனதார நம்ப முடியும்.

பேஜோரியர்களைத் தன் பிள்ளைகளைப் போலக் கவனித்துக்கொண்டதாக டுகாட்டும் சொல்கிறான். பிற்பாடு கார்டேசியா டொமினியன் என்ற வேற்று வல்லரசோடு கூட்டுச் சேர்ந்து சிஸ்கோவின் பக்கத்தோடு போர் நடத்துகிறது. அப்போது டொமினியனின் பிரதிநிதியான வெயூனிடம், என் வாழ்க்கையின் பெரிய ஏமாற்றமே அவர்கள் என் அருமையை உணராததுதான், இன்றைக்கு வரைக்கும் பேஜோரில் எனக்கு ஒரு சிலையாவது இருக்கிறதா என்று கேட்கிறான். இல்லை என்றே நினைக்கிறேன் என்கிறான் வெயூன். அந்த இடத்தில் மார்க் அலைமோவின் முகத்தைப் பாருங்கள். அவ்வளவு வருத்தம்.

கே: பெற்ற மகளைக் கொல்லப் போனவர் கொல்லாமல் திரும்பினாரே. அவளுக்காகப் பதவி, குடும்பம் எல்லாவற்றையும் இழந்தாரே. அந்தப் பாசமும் பொய்யா? (இரண்டு பெண் குழந்தைகளின் தந்தை, ஈரோடு)

பொய் இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பேஜோரியப் பெண்ணுக்கும் டுகாட்டுக்கும் பிறந்தவள் ஸியால். அவளும் தாயும் போன கப்பல் காணாமல் போய் ஆறு வருஷம் ஆகிறது. 1995இல் வந்த 'இன்டிஸ்கிரீஷன்' அத்தியாயத்தில், அந்தக் கப்பலைத் தேடி கிரா நெரிஸும் டுகாட்டும் ஒன்றாகப் போகிறார்கள். கிரா பேஜோரிய எதிர்ப்பியக்கத்தில் சண்டை போட்டு வளர்ந்தவர், டுகாட்டைக் கண்டாலே ஆகாது. வழியில் அவன் ஒரு முள்ளின் மேல் உட்கார்ந்துவிடுகிறான், அதை அவனே பிடுங்க முடியாமல் திண்டாடுகிறான், கிரா விழுந்து விழுந்து சிரிக்கிறார், அவனும் சிரிக்கிறான். பார்க்கிற நமக்கும் மனது இளகுகிறது. அதற்குள்தான், மகளைக் கண்டுபிடித்தால் கொன்றுவிடப் போகிறேன் என்ற பேச்சும் வருகிறது. பேஜோரியப் பெண்ணிடம் பிறந்த மகள் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் வீடும் பதவியும் போய்விடுமாம்.

கடைசியில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு மகள் முன்னால் நிற்கிறான். அப்பா ஒருநாள் வந்து கூட்டிப்போவார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், உங்களோடு இருக்க முடியாது என்றால் சாவதே மேல் என்கிறாள் அந்தப் பெண். துப்பாக்கி மெதுவாக இறங்குகிறது. அவளை எல்லோருக்கும் தெரியக் கார்டேசியாவுக்குக் கூட்டிப்போகிறான். மனைவி விலகுகிறாள், பெற்ற தாய் மகனே இல்லை என்கிறாள், பதவி பறிபோய்ச் சரக்குக் கப்பல் ஓட்டுகிறான். இதை யாருக்காகவும் நடிக்கவில்லை, முழுசாகச் செலவழித்து வாங்கிய பாசம்.

ஆனால் ஸியாலுக்கு அவனிடம் இருந்த அன்பு அவன் தேடியது மாதிரியே இருந்தது, கேள்வி கேட்காத அன்பு. அவள் பேஜோருக்கும் மகள் என்பதை அவன் மனது ஏற்கவே இல்லை. நிலையத்தைத் திரும்பப் பிடித்து வைத்திருந்த நாட்களின் கடைசியில் எல்லாம் சரிந்து, கார்டேசியர்கள் கப்பலேறி ஓடும்போது, நான் வரவில்லை, என் இடம் இதுதான், கிராவை நான்தான் தப்ப வைத்தேன் என்கிறாள். அதைக் கேட்டும் அவளைக் கைவிடாமல் வா என்றுதான் அழைக்கிறான். கேட்டுக்கொண்டே பின்னால் வந்த அவனுடைய துணையதிகாரி டமார், துரோகி என்று அவளைச் சுட்டுவிடுகிறான். டுகாட் கப்பலேறவில்லை. மகளின் உடலைப் பிடித்துக்கொண்டு, உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறான். சிறையில் பித்துப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது, சிஸ்கோ முன்பு மேசைமேல் விட்டுப்போன பேஸ்பால் பந்தைத் திருப்பிக் கொடுத்து, உன்னையும் மன்னித்துவிட்டேன் என்கிறான்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். அதே நேரத்தில் காதில் விழுகிற வார்த்தையையும் விட முடியவில்லை. மகள் செத்துக் கிடக்கும்போதும் மன்னிக்கிற இடத்தில் அவன்தான் இருக்கிறான். மன்னிப்புக் கேட்கிற இடத்துக்கு ஒரு அடிகூட இறங்கவில்லை. ஐயா, உங்கள் கடிதத்தில் "ஒரு அப்பாவாக அவனை வெறுக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். வெறுக்க வேண்டாம். எனக்கும் முடியவில்லை.

கே: கிராவும் டுகாட்டும் சேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா? (வாசகி, கோவை)

உங்களுக்கு மட்டும் இல்லை. எழுத்தாளர்கள் பக்கமும் அந்த யோசனை எழுந்தது. கிராவாக நடித்த நானா விசிட்டர் ஒரே பிடியாக முடியாது என்றார். தன் மக்களைக் கொன்று குவித்தவனை அந்தப் பெண் ஒருநாளும் விரும்பமாட்டாள் என்பது அவர் நிலை. அவர் பிடிவாதமாக நின்றதால்தான் தொடர் தப்பித்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பதிலாக அவர்கள் எழுதியது இன்னும் கடுமையானது. 1998இல் ஒரு அத்தியாயத்தில், ஒரு ராத்திரி டுகாட் கிராவைத் தொடர்பு கொண்டு, இன்று உன் அம்மாவின் பிறந்தநாள், அவள் என்னோடுதான் வாழ்ந்தாள் என்கிறான். கிரா கடந்த காலத்துக்கே போய்ப் பார்க்கிறார். அகதி முகாமிலிருந்து இளம் பெண்களைப் பொறுக்கியெடுத்து அதிகாரிகளுக்காகக் கொண்டுபோகிறார்கள். அதில் கிராவின் தாய் மெருவும் ஒருத்தி. அவள் கன்னத்தில் ஒரு பழைய தழும்பு. டுகாட் கருவியை எடுத்து, வலிக்காமல், நிதானமாக அந்தத் தழும்பை ஆற்றுகிறான். பட்டினி கிடந்த பெண்ணின் முகத்தை யாரோ முதல்முறையாக மென்மையாகத் தொடுகிறார்கள். அவள் பிள்ளைகளுக்கு முகாமில் சோறும் மருந்தும் கிடைக்கின்றன. மெரு அவனோடு தங்கிவிடுகிறாள்.

அந்தப் பெண்களுக்கு அத்தியாயத்தில் வைத்த பெயர் 'ஆறுதல் பெண்கள்'. எழுத்தாளர்கள் கற்பனை செய்த பெயர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் கொரியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஜப்பானிய ராணுவத்துக்காகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பெண்களுக்கு வைத்த பெயர் அது. கிம் ஹக்-சுன் என்ற கொரிய மூதாட்டி 1991 ஆகஸ்டில் பொதுவெளியில் வாய்திறந்து சொன்ன பிறகுதான் உலகம் காது கொடுத்தது. 2011 டிசம்பரில் சியோலில் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே வெண்கலத்தில் ஒரு சிறுமியை உட்கார வைத்தார்கள், பக்கத்தில் ஒரு காலி நாற்காலியோடு. டுகாட் கேட்ட சிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிலையும் ஞாபகம் வருகிறது.

கே: எல்லோரையும் 'அவர்' என்று எழுதும் நீங்கள் டுகாட்டை மட்டும் 'அவன்' என்கிறீர்களே? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, முதலில் நானும் 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் மூன்று சீசன் பார்த்த காலத்தில் என் தங்கைக்குத் தொலைபேசியில் கதை சொல்லும்போது, "டுகாட் வந்தார், சிஸ்கோவோடு சேர்ந்து இதைச் செய்தார்" என்பேன். வால்ட்ஸ் பார்த்த மறுநாள் பேசும்போது 'அவன்' என்று வந்துவிட்டது. தங்கைதான் கவனித்துக் கேட்டாள், "என்னாச்சு, நேற்றுவரை அவராக இருந்தாரே?" என்று.

அந்தக் குகையில் சிஸ்கோ அவனைப் பேசவிட்டுப் பேசவிட்டு, ஒரு கட்டத்தில் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிடுகிறது. நாங்கள் உயர்ந்த இனமாக இருப்பதை நாங்களா தேர்ந்தெடுத்தோம், விதி எங்களிடம் கொடுத்தது என்பான். அப்புறம் பேஜோரியர்களின் நம்பிக்கைகள், காதணி, சுருங்கிய மூக்கு எல்லாவற்றையும் எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா என்பான். கடைசியில், அவர்கள் ஒவ்வொருவரையும் கொன்று அந்தக் கிரகத்தையே சுடுகாடாக்கியிருக்க வேண்டும் என்று கத்துவான். பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டேன் என்றவனும் அவன்தான். இந்த வெறுப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது, நன்றி வரும் வரும் என்று அதை மூடி வைத்திருந்தான். ஆனால் அங்கிருந்து தப்பிப் போகும்போது, சிஸ்கோ எங்கே கிடக்கிறார் என்று அவருடைய கப்பலுக்குத் தகவலும் சொல்லிவிட்டுத்தான் போகிறான். அதையும் சேர்த்துத்தான் அவன்.

கே: கிராவும் குண்டு வைத்தவர்தான். சிஸ்கோவும் பொய்யும் கொலையும் கலந்த சதியில் கைநனைத்தார். டுகாட்டுக்கு மட்டும் தனி நியாயமா? (வாசகர், நாகர்கோவில்)

நல்ல அடி. ஐந்தாவது சீசனில் கிராவைப் பழிவாங்க ஒரு கார்டேசியன் கிளம்புகிறான். அவர் வைத்த குண்டில் முகம் சிதைந்தவன், ராணுவத்தானும் இல்லை, அதிகாரி ஒருவன் வீட்டில் வேலைக்காரன். அந்த வீட்டில் குழந்தைகளும் இருந்தார்கள். கிரா தலைகுனியவில்லை, உங்களில் யாருக்கும் என் மண்ணில் இடமில்லை என்கிறார். எனக்கு அந்தப் பதில் முழுசாகச் செரிக்கவில்லை. தொடரும் அதைச் செரிக்கவிடவில்லை, அந்த வேலைக்காரனின் முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

சிஸ்கோ விஷயம் 1998 வசந்தத்தில் வந்தது. போரில் தோற்றுக்கொண்டிருக்கும் தன் பக்கத்துக்கு, அதுவரை ஒதுங்கி நின்ற ரோமுலன்கள் என்ற இனத்தாரை இழுக்கப் பொய்யான ஆதாரம் தயார் செய்கிறார், அது ஒரு ரோமுலன் செனட்டரின் சாவில் முடிகிறது. அன்றிரவு தனியாக உட்கார்ந்து நடந்ததைப் பதிவு செய்கிறார். இதோடு என்னால் வாழ முடியும் என்கிறார், இன்னொரு முறை சொல்கிறார், யாரை நம்ப வைக்கிறார் என்று தெரியவில்லை, பிறகு மொத்தப் பதிவையும் அழித்துவிடுகிறார். சிஸ்கோ செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. செத்துப்போன செனட்டரின் வீட்டார் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான் சொல்கிறேன். தான் செய்ததற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும்.

கே: கடைசி சீசனில் டுகாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்பேன். ஒத்துக்கொள்கிறீர்களா? (வாசகர், சென்னை)

முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ரசிகர்களில் பலர் டுகாட்டை நல்லவனாகவே பார்க்கத் தொடங்கியது தயாரிப்பாளர் ஐரா ஸ்டீவன் பெருக்கு உறுத்தலாக இருந்தது, அதனால்தான் வால்ட்ஸ் எழுதப்பட்டது. நடித்த அலைமோவும் அவனை வில்லனாக நினைத்து நடிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை டுகாட் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட நாயகன். எழுதுகிறவர் ஒரு பக்கம் இழுக்க, நடிக்கிறவர் இன்னொரு பக்கம் இழுக்க, அந்த இழுபறியில்தான் அந்தப் பாத்திரம் அவ்வளவு உயிரோடு இருந்தது.

வால்ட்ஸோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கப்புறம் தீய ஆவிகளை அவன் உடம்பில் ஏற்றி, கடைசியில் நெருப்புக் குகையில் சிஸ்கோவோடு மோதவிட்டு முடித்தார்கள். கண் சிவந்த பேய்க்கு என்ன குணச்சிக்கல் இருக்க முடியும்? சிவப்புக் கண் வந்ததும் எனக்குச் சுவாரசியம் போய்விட்டது, ஏனென்றால் அந்த 200 பேரைக் கொல்ல உத்தரவிட்டது எந்த ஆவியும் இல்லை.

மீதி கால்வாசிக்குக் காரணம் 'கவனன்ட்' என்ற ஒரே அத்தியாயம். பேஜோரியர்களில் ஒரு கூட்டத்துக்கு டுகாட் சாமியாராகிவிடுகிறான். கடைசியில் கிடைத்துவிட்டது பாருங்கள், அவனை வணங்கும் பேஜோரியர்கள்! அங்கே ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது, கார்டேசியச் சாயலில். குட்டு வெளிப்பட்டுவிடும் என்றதும் எல்லோரும் மாத்திரை விழுங்கிச் சாவோம் என்று கூட்டத்தைத் தயார்படுத்துகிறான். மாத்திரைகள் தரையில் சிதறி, அவனுடையதும் மற்றதோடு கலந்துவிடுகிறது. தரையில் மண்டியிட்டுத் தன் மாத்திரையைத் தேடித் தடவுகிறான். அது மட்டும் விஷமில்லாதது. கூட்டம் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

இன்னொன்று. முடிவில் அவன் அறுவை செய்து பேஜோரியனாக உருமாறித் திரிகிறான், அவ்வளவு வெறுத்த அந்தச் சுருங்கிய மூக்கோடு.

கே: கார்டேசியர்களில் ஒருவர்கூட மனம் வருந்தவில்லையா? (வாசகி, புதுச்சேரி)

இரண்டு பேர். முதலாமவர் மரிட்ஸா, 1993இல் வந்த 'டூயட்' அத்தியாயத்தில். முகாம் ஒன்றில் வெறும் கோப்பு எழுத்தர். ராத்திரி கேட்கும் அலறலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு கிடந்ததைத் தவிர அவர் யாரையும் தொட்டதுகூட இல்லை. அந்தக் குற்றவுணர்ச்சி தாங்காமல், முகாம் தலைவனின் முகத்தை வரவழைத்துக்கொண்டு, அவனாகவே நடித்துப் பிடிபட வருகிறார். என்னை விசாரியுங்கள், தண்டியுங்கள், அப்போதாவது கார்டேசியா தன் குற்றத்தை ஒத்துக்கொள்ளட்டும் என்கிறார். காதைப் பொத்தியவர் தூக்குக்குத் தலையை நீட்டுகிறார், உத்தரவு போட்டவன் சிலை கேட்கிறான்.

இரண்டாமவர் டமார், ஸியாலைச் சுட்ட அதே டமார். பிறகு டொமினியனை எதிர்த்துக் கலகம் செய்கிறார். கிராதான் அவருக்குக் கலகம் செய்யச் சொல்லிக்கொடுக்க வருகிறார். டமாரின் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வரும்போது, குற்றமறியாத பெண்களையும் குழந்தைகளையும் கொல்ல உத்தரவிடுகிறவர்கள் என்ன மாதிரி மனிதர்கள் என்று அவர் கேட்கிறார். கிரா அவரையே பார்த்து, ஆமாம் டமார், என்ன மாதிரி மனிதர்கள் என்கிறார். டமார் பதில் சொல்லாமல் வெளியே போகிறார்.

(டமாரை எந்த இடத்திலிருந்து 'அவர்' என்று எழுதத் தொடங்கினேன் என்று தஞ்சாவூர் ஐயா கவனித்திருப்பார்.)

கே: எல்லாம் பார்க்க நேரமில்லை. வால்ட்ஸ் மட்டும் பார்த்தால் போதுமா? (ஐடி ஊழியர், பெங்களூரு)

போதாது, தம்பி. அதை முதலில் பார்த்தால் ஒரு கொடியவன் கொடியவனாகப் பேசுவதைத்தான் பார்ப்பீர்கள். முதல் அத்தியாயத்தில் அவன் அந்த அறைக்குள் நுழைவதைப் பாருங்கள், டூயட் பாருங்கள், முள் குத்திய இன்டிஸ்கிரீஷன் பாருங்கள், சரக்குக் கப்பல் ஓட்டும் 'ரிட்டர்ன் டு கிரேஸ்' பாருங்கள், நிலையம் கைமாறும் ஆறாவது சீசனின் முதல் ஆறு அத்தியாயங்களையும் வரிசையாகப் பாருங்கள். இதற்கே பத்து ராத்திரி ஆகும். அவனோடு சேர்ந்து நீங்களும் ஒருமுறையாவது சிரித்திருக்க வேண்டும், பாவம் என்று ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு வால்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.